ஸ்பீடின் வரைபடத்தில் சாலை ஏன் இல்லை?

உங்கள் கேள்வி இது: லண்டனில் வேலை பார்க்கும் தம்பி ஊருக்கு வரும்போது பழைய வரைபடம் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். சர்ரே கவுண்டி, ஜான் ஸ்பீடு, 1610 என்று போட்டிருக்கிறது. ஊர்ப் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, ஆனால் ஒரு சாலைகூட இல்லை. அந்தக் காலத்தில் அங்கே சாலையே கிடையாதா, நுணுக்கமான கவுண்டி வரைபடம் அங்கே எப்போதுதான் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாலைகள் இருந்தன. ரோமானியர் போட்டுவிட்டுப் போனவற்றிலேயே பல புழக்கத்தில் இருந்தன. அந்த வரைபடத்துக்குப் பணம் போட்டவர்களுக்குச் சாலை தேவைப்படவில்லை, அவ்வளவுதான். நில அளவை வேலையில் ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும், இதை யார் செலவில் அளந்தார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். உங்கள் கேள்விக்கும் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கவுண்டி என்றால் நமக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். சர்ரே, கென்ட், லங்காஷயர், யார்க்‌ஷயர் என்று அங்கே அணிகளாக ஆடுகிற பெயர்களெல்லாம் பழைய நிர்வாகப் பிரிவுகள். நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் மாவட்டங்களைப்போல அடிக்கடி பிரித்துச் சேர்த்த கதை இல்லை. பல நூறு ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் நின்றவை. வரி, படைக்கு ஆள் திரட்டல், நீதி எல்லாமே கவுண்டிவாரியாக நடந்ததால் வரைபடமும் கவுண்டிவாரியாகவே பிறந்தது.

முதல் ஆள் கிறிஸ்டோபர் சாக்ஸ்டன். யார்க்‌ஷயர்க்காரர். முதலாம் எலிசபெத் காலத்தில், தாமஸ் செக்ஃபோர்டு என்ற அரண்மனை அதிகாரியின் செலவில், இங்கிலாந்தையும் வேல்ஸையும் கவுண்டி கவுண்டியாக அளந்தார். அச்சடிப்பதற்கான முதல் செப்புத் தகடுகள் 1574-இல் செதுக்கப்பட்டன. 1579-இல் 34 கவுண்டி வரைபடங்களும் ஒரு பொது வரைபடமும் சேர்ந்து அட்லஸாக வந்தன. ஒரு நாடு முழுவதையும் இப்படிப் பகுதி பகுதியாக ஒரே கை அளந்து அட்லஸாகப் போட்டது ஐரோப்பாவிலேயே புதுசு. செக்ஃபோர்டுக்குப் பின்னால் நின்றவர் அரசியின் முதன்மை ஆலோசகர் வில்லியம் செசில், பர்லி பிரபு. ஒவ்வொரு தகடும் தயாரானதும் அதன் சோதனைப் பிரதி அவர் மேசைக்குப் போனது. அவர் அவற்றைக் கட்டிவைத்து, ஓரங்களில் அந்தந்தக் கவுண்டியின் மாஜிஸ்திரேட்டுகள் பெயரையெல்லாம் தன் கைப்படக் குறித்திருக்கிறார். அந்தத் தொகுப்பு இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஸ்பெயின் எந்தக் கரையில் இறங்கும், அந்தப் பகுதியில் நம்பகமான பெரிய மனிதர் யார், அவர் வீடு எங்கே என்பது அவருடைய கவலை. ஆகவே கடற்கரை, ஆறு, பாலம், ஊர், கனவான்களின் வேலியிட்ட வேட்டைத் தோப்புகள் எல்லாம் சாக்ஸ்டனிடம் உண்டு. பாலம் போட்டவர் அந்தப் பாலத்துக்குப் போகும் சாலையைப் போடவில்லை!

ஐந்தாறு ஆண்டில் ஒரு நாட்டை எப்படி அளந்து முடித்தார்? தன் முறையைப் பற்றி அவர் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. ஆனால் 1576-இல் வேல்ஸ் வேலைக்காக அரசியின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சில் கொடுத்த உத்தரவு கைகாட்டுகிறது. இவரை எந்தக் கோபுரத்துக்கும் கோட்டைக்கும் உயரமான குன்றுக்கும் அழைத்துப்போக வேண்டும். அந்தப் பகுதியை நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று நேர்மையான ஆட்கள் கூடப் போக வேண்டும். கிளம்பும்போது வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் தெரிந்த குதிரைக்காரர் ஒருவர் அடுத்த சந்தை ஊர்வரை வழிகாட்ட வேண்டும் என்கிறது அது. உயரத்தில் ஏறி நின்று திசைகளை எடுப்பது, ஊர்ப் பெயரைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்வது. புல அளவைக்குப் போகும்போது கிராமத் தலையாரி கூட நிற்பாரே, அந்த ஏற்பாடுதான். இந்த முறையில் ஊர்களின் இருப்பிடம் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக வரும். சாலையின் வளைவு நெளிவு வராது. அதற்கு நடக்க வேண்டும், நடக்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும்.

இன்னொரு சங்கதி, அளவுவிகிதம். சாக்ஸ்டன் தாளுக்கு ஏற்றபடி கவுண்டியைச் சுருக்கினார். உங்கள் சர்ரே அவரிடம் கென்ட், சசெக்ஸ், மிடில்செக்ஸோடு சேர்ந்து ஒரே தாளில் கிடக்கிறது. ஒரு கவுண்டியின் அங்குலமும் பக்கத்துக் கவுண்டியின் அங்குலமும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு அப்போது மைலும் ஒன்றல்ல. 5,280 அடி என்று சட்டம் வந்ததே 1593-இல்தான்; சட்டம் வந்த பிறகும் நெடுங்காலம் ஊர்ப்புறத்தில் அதைவிட நீளமான மைல்தான் பேச்சில் இருந்தது.

இப்போது உங்கள் ஸ்பீடுக்கு வருவோம். ஸ்பீடு தையற்காரர் குடும்பத்தில் பிறந்து, அதே தொழிலைச் செய்து, வரலாற்று ஆர்வத்தால் இந்தப் பக்கம் வந்தவர். அவருடைய அட்லஸ் 1611-12-இல் வெளிவந்தது. தகடுகளைச் செதுக்கியவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த யோடோகஸ் ஹோண்டியஸ். அழகில் அதை மிஞ்ச ஆளில்லை. மூலையில் நகரப் படம், ஓரத்தில் குலச்சின்னங்கள், உங்கள் சர்ரே தாளில் நான்சச் அரண்மனையும் ரிச்மண்ட் அரண்மனையும். நான்சச் 1680-களில் இடிக்கப்பட்டுவிட்டது என்பதால் அந்தச் சின்னப் படத்துக்குத் தனி மதிப்பு. ஆனால் அளவை? பெரும்பகுதி சாக்ஸ்டனுடையது, கொஞ்சம் ஜான் நார்டனுடையது. மற்றவர்கள் விளைத்த பயிரில் தன் அரிவாளை வைத்திருப்பதாக ஸ்பீடே வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார். சர்ரே தாளின் எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள், நார்டன் அலைந்து அளந்தது என்று அவர் பெயரும் இருக்கும். ஸ்பீடு சொந்தமாகச் சேர்த்தது நகரப் படங்களில் பலவும், ஹண்ட்ரட் எனப்படும் உட்பிரிவு எல்லைகளும். நம் தாலுகா எல்லை மாதிரி.

அந்த நார்டனை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். கவுண்டி வரைபடத்தில் முதலில் சாலை போட்டவர் அவர். 1593-இல் மிடில்செக்ஸ், 1598-இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர். ஓரத்தில் எழுத்தும் எண்ணும் போட்டு, பின்னால் ஊர்ப் பட்டியலில் "இந்தக் கட்டத்தில் பார்" என்று காட்டும் முறையைக் கொண்டுவந்தவரும் அவரே. பேருந்து நேர அட்டவணையில் பார்த்திருப்பீர்களே, ஊருக்கு ஊர் தூரம் காட்டும் முக்கோண அட்டவணை, அதுவும் அவர் கைவண்ணம். எல்லாக் கவுண்டிகளையும் இப்படிச் செய்ய ஆசைப்பட்டார். பர்லி பரிந்துரைக் கடிதங்கள் கொடுத்தார், பணம் வரவில்லை. திட்டம் பாதியில் நின்றது. ஸ்பீடு அவரது அளவையை எடுத்துக்கொண்டார், சாலையை விட்டுவிட்டார். சுவரில் மாட்டவும் நூலகத்தில் வைக்கவும் வாங்குகிறவருக்குச் சாலை எதற்கு?

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு, விதிவிலக்குகளைத் தவிர, யாரும் புதிதாக அளக்கவில்லை. செப்புத் தகடு விலைபோகும் சொத்து. கடை கைமாறும்போது தகடும் கைமாறும். சாக்ஸ்டனின் தகடுகளிலிருந்து அவர் இறந்து நூறாண்டு கழித்தும் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீடின் தகடுகளும் அப்படியே. புது வெளியீட்டாளர் தேதியை மாற்றுவார், தன் பெயரைப் பொறிப்பார், சேர்க்கத் தோன்றியதைச் சேர்ப்பார். 1690 வாக்கில் பிலிப் லீ என்பவர் சாக்ஸ்டனின் தகட்டிலேயே சாலைகளைச் செதுக்கிச் சேர்த்து விற்றார். ஆகவே பழைய வரைபடம் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. இரண்டுக்கும் நடுவே மூன்று தலைமுறை இருக்கலாம்.

லீக்குச் சாலை எங்கிருந்து கிடைத்தது? ஜான் ஓகில்பியிடமிருந்து. நடன ஆசிரியர், நாடக அரங்கு நடத்தியவர், மொழிபெயர்ப்பாளர், 1666 லண்டன் தீயில் சொத்தை இழந்தவர். இத்தனைக்கும் பிறகு, 1675-இல், இங்கிலாந்து, வேல்ஸின் 73 சாலைகளை, ஏறத்தாழ 7,500 மைலை, சக்கரம் உருட்டி அளந்து 100 தாள்களில் வெளியிட்டார். சுருட்டி வைத்த நாடாவைப் பிரித்ததுபோல் சாலை மட்டும் கீழிருந்து மேலே ஓடும். இவர் கவுண்டி வரைபடம் போட்டவரல்ல, ஆனாலும் இரண்டு விஷயத்துக்கு இவரை விட முடியாது. சட்டம் சொன்ன மைலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கடைப்பிடித்தார். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்று வைத்தார். அந்த ஓர் அங்குலம் அடுத்த முந்நூறு ஆண்டுக்கு அங்கே வழக்காகிவிட்டது.

அந்த அளவில் ஒரு முழுக் கவுண்டியை முதலில் புதிதாக அளந்து வெளியிட்டவர் ஜோயல் காஸ்கோயன், கார்ன்வாலை, 1699-இல். கடல் வரைபடம் வரைந்து பழகியவர், பிறகு கார்ன்வாலின் பெரிய பண்ணைகளை அளக்கப் போனார். அந்தப் பண்ணைக்காரர்களே சந்தா போட்டு வரைபடத்துக்கும் செலவு செய்தார்கள். திருச்சபை வட்ட எல்லைகள்கூட அதில் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, செலவு அரண்மனையிலிருந்து உள்ளூர் நிலக்காரர்கள் கைக்கு இறங்கிவிட்டது. வரைபடத்தில் வருவதும் உடனே மாறுகிறது பாருங்கள்.

அந்தக் கார்ன்வாலிலிருந்தே அடுத்த தூண்டலும் வந்தது. 1755-இல் வில்லியம் போர்லேஸ் என்ற பாதிரியார், பழம்பொருள் ஆராய்ச்சியாளர், நாட்டின் வரைபடங்கள் இருக்கும் லட்சணத்தைச் சொல்லி, லண்டனில் அப்போதுதான் தொடங்கியிருந்த கலைகள் சங்கத்து நண்பர் ஹென்றி பேக்கருக்குக் கடிதம் எழுதினார். 1759-இல் சங்கம் அறிவித்தது: ஒரு கவுண்டியை மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் புதிதாக, சரியாக அளந்து கொண்டுவருகிறவருக்கு 100 பவுண்டுவரை பரிசு. முதலில் வாங்கியவர் பெஞ்சமின் டான், டெவனில் பிட்ஃபோர்டு ஊரில் பிறந்த கணக்கு வாத்தியார். அவருடைய டெவன் வரைபடம் 1765-இல் 12 தாள்களில் வந்தது. அடுத்து 1767-இல் பீட்டர் பர்டெட்டின் டார்பிஷயர்.

100 பவுண்டுக்கு ஒரு கவுண்டியை அளக்க முடியாது. பரிசின் பயன் கௌரவம்தான். அதைக் காட்டிச் சந்தா வசூலிக்கலாம். சந்தாதாரர் யார்? மறுபடியும் நிலக்காரர்கள். அதனால்தான் இந்த வரைபடங்களில் மாளிகைக்குப் பக்கத்தில் உரிமையாளர் பெயர் பொறித்திருக்கும். என் வீடும் பெயரும் இருக்கிறது என்றால் எவரும் ஒரு பிரதி வாங்குவார். அப்படியும் தொழில் லாபமில்லை. மன்னருக்கே புவியியலாளர் என்ற பட்டம் வைத்திருந்த தாமஸ் ஜெஃப்ரீஸ், பெட்ஃபோர்ட்ஷயர், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர், யார்க்‌ஷயர் என்று அடுக்கடுக்காக எடுத்துப்போட்டு 1766-இல் திவாலானார். பர்டெட் கடன்காரர்களுக்குத் தப்பி ஜெர்மனியின் பாடன் நாட்டுக்கே போய்விட்டார். டார்பி ஓவியர் ஜோசப் ரைட், சூரியனைக் கோள்கள் சுற்றுவதைக் காட்டும் கருவியைச் சுற்றிப் பலர் நிற்பதாக வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் ஓரமாக நின்று குறிப்பெடுப்பவர் பர்டெட்தான் என்பார்கள். அடுத்த முறை பார்த்தால் அந்த முகத்தைக் கவனியுங்கள்.

ஆனால் வேலை நடந்தது. 1750-க்கும் 1800-க்கும் இடையில் இங்கிலாந்தின் பெரும்பாலான கவுண்டிகள் மைலுக்கு ஓர் அங்குலமோ அதற்கு மேலோ புதிதாக அளக்கப்பட்டுவிட்டன. கென்டும் எசெக்ஸும் மைலுக்கு இரண்டு அங்குலத்தில் வந்தன. எசெக்ஸில் 1777-இல் சாப்மனும் ஆந்த்ரேயும் போட்ட 25 தாளையும் பார்த்தால் காற்றாலை, சத்திரம், பொது மேய்ச்சல் நிலம், சாலையோரக் குடிசைவரை கிடைக்கும். உங்கள் "எப்போது" என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை வேண்டுமென்றால் இந்த ஐம்பது ஆண்டுகள்தான்.

முறை இப்படி. சமதரையில் ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் துல்லியமாக அளப்பார்கள். அதன் இரு முனையிலிருந்தும் தியோடலைட் வைத்து மாதாகோயில் கோபுரங்களுக்குக் கோணம் எடுப்பார்கள். ஒரு பக்கமும் இரு கோணமும் தெரிந்தால் முக்கோணம் கைக்கு வந்துவிடும். அதன் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். இப்படிக் கவுண்டி முழுக்க ஒரு வலை. வலைக்குள் சாலைகளைச் சக்கரம் உருட்டி அளந்து இடுவார்கள். சாலையிலிருந்து தள்ளியிருக்கும் வயல், காடு இவற்றைக் கண்ணளவில் போடுவது உண்டு. வயல் வரப்புகள் அழகாக வரைந்திருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், பல இடங்களில் அவை அலங்காரம். சாலையை நம்பலாம், வரப்பை நம்பக் கூடாது. ஸ்பீடின் தாளுக்கு நேர் எதிர்!

அந்தச் சங்கிலியை நமக்கும் தெரியும். எட்மண்ட் கன்டர் 1620-இல் அமைத்தது: 66 அடி, 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். இன்றும் மனை வாங்கும்போது 435.6 சதுர அடி என்று கால்குலேட்டரில் தட்டுகிறோமே, அந்த ஒட்டாத எண்ணின் பூர்வீகம் அதுதான்.

பிறகு ராணுவம் வந்தது. 1784-இல் ஜெனரல் வில்லியம் ராய், ஹவுன்ஸ்லோ புல்வெளியில் ஐந்து மைலுக்கு மேல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை (முக்கோண வலைக்கு ஆதாரமாக முதலில் அளக்கும் நேர்கோடு) அளந்தார், 27,404 அடி. முதலில் மரக் கோல். ஈரக் காற்றில் அது நீண்டு சுருங்கியதால் கண்ணாடிக் குழாய்க்கு மாறினார். பாரிஸ் வானாய்வகத்தையும் கிரீனிச்சையும் முக்கோணங்களால் இணைப்பது நோக்கம். கோணம் எடுக்க ஜெஸ்ஸி ராம்ஸ்டன் மூன்றடி விட்டத்தில் செய்த தியோடலைட் வர 1787 ஆகிவிட்டது. காத்திருந்து காத்திருந்து ராய் நொந்துபோனார். அடிக்கோட்டின் இரு முனையிலும் பின்னால் பீரங்கிக் குழாய்களை வாய் மேலே இருக்கும்படி நட்டுவைத்தார்கள். ஒன்று இன்றைய ஹீத்ரோ விமான நிலையத்தின் வடக்கு ஓரத்தில் நிற்கிறது. உங்கள் தம்பி அந்தப் பக்கம் பலமுறை போயிருப்பார்.

ராய் 1790-இல் காலமானார். மறு ஆண்டே, ராணுவத் தளவாடங்களைக் கவனித்த ஆர்ட்னன்ஸ் வாரியம் இன்னொரு பெரிய தியோடலைட்டை வாங்கி வேலையை எடுத்துக்கொண்டது. அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே பிறந்தது. பிரான்ஸ் படையெடுக்கும் என்ற பயம் தெற்குக் கரையில் தொடங்க வைத்தது. 1801 ஜனவரி முதல் நாள் வந்த முதல் வரைபடம் எது தெரியுமா? கென்ட். நாடு முழுவதற்குமான திட்டம்தான், ஆனாலும் முதல் வெளியீடு ஒரு கவுண்டி வரைபடமாகவே, வில்லியம் ஃபேடன் என்ற தனியார் வெளியீட்டாளர் பெயரில் வந்தது. ஃபேடன் வேறு யாருமல்ல, திவாலான ஜெஃப்ரீஸின் கடையைத் தொடர்ந்து நடத்தியவர்.

இதே முறை அடுத்த ஆண்டே சென்னைக்கு வந்துவிட்டது. யார்க்‌ஷயரில் பிறந்த வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தென்னிந்திய முக்கோண அளவையைத் தொடங்கினார். கவுண்டியில் மாதாகோயில் கோபுரம் செய்த வேலையை இங்கே நம் கோயில் கோபுரங்கள் செய்தன. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெரிய தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியதும், அவர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தட்டிச் சரிசெய்ததும் தனிக் கதை.

அங்கே அரசாங்கமே இறங்கிய பிறகும் தனியார் உடனே ஓயவில்லை, ஏனென்றால் ராணுவ வேலை நத்தையாக நகர்ந்தது. கிறிஸ்டோபர் கிரீன்வுட், தம்பி ஜானுடன் சேர்ந்து 1817-க்குப் பிறகு பெரும்பாலான கவுண்டிகளைப் புதிதாக அளந்து போட்டார். அவருக்குப் போட்டியாக ஆண்ட்ரூ பிரையன்ட். லிங்கன்ஷயர் நிலக்காரர்கள் இன்னொரு வழி கண்டார்கள்: எங்கள் கவுண்டியை வரிசை தாண்டி முதலில் அளந்தால் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறோம் என்று ஆர்ட்னன்ஸ் சர்வேக்கே உறுதி கொடுத்தார்கள். 1820-களில் தாள்கள் வந்தன. பணம் எங்கே, அளவுச் சங்கிலி அங்கே.

1840-களில் லங்காஷயரிலும் யார்க்‌ஷயரிலும் மைலுக்கு ஆறு அங்குலம், 1850-களிலிருந்து மற்ற இடங்களில் சுமார் 25 அங்குலம். இந்தக் கடைசி அளவில் தாளின் ஒரு சதுர அங்குலம் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். வரப்பும் இப்போதுதான் உண்மையானது. இதிலும் கவுண்டிப் பிடி விடவில்லை. கவுண்டிக்கு அல்லது கவுண்டிக் குழுவுக்கு ஒரு தனி மத்தியக் கோடு (வடக்கு-தெற்காக ஓடும் ஆதாரக் கோடு) வைத்து வரைந்ததால் எல்லையில் தாளும் தாளும் சேராது. ஆறு எல்லையாக இருந்தால், இந்தக் கரையில் மரம்வரை இருக்கும், அந்தக் கரை வெள்ளைத் தாள். அடுத்த கவுண்டியின் கணக்கு அது! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடு முழுவதற்கும் ஒரே கட்டவலை நடைமுறைக்கு வந்தபின்தான் இந்தத் தகராறு தீர்ந்தது. ஆறு அங்குல, 25 அங்குலத் தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், சர்ரேயும் உண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அசல் ஸ்பீடா என்று பார்க்கத் தாளைத் திருப்புங்கள். ஆங்கிலப் பதிப்பு என்றால் பின்புறம் கவுண்டியைப் பற்றிய ஆங்கில உரை அச்சாகியிருக்கும். வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் பிற்காலப் பிரதி. முன்புறம் படத்தைச் சுற்றி விரலால் தடவுங்கள். செப்புத் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் தட்டுப்பட வேண்டும். இரண்டும் இருந்து, படத்தில் சாலையும் இருந்தால் அது 1610 தாளல்ல, பின்னால் வந்த கடைக்காரர் செதுக்கிச் சேர்த்த பதிப்பு. உங்களுடையதில் சாலை இல்லை என்பது நல்ல அறிகுறிதான். ஆனால் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுக்கும்போது பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து மெதுவாக எடுங்கள்.